நேரில் வந்து இரும வேண்டும்!

"லொக்... லொக்... கர்ர்ர்!"

இருட்டிய பிறகு வாசலில் அப்படி ஒரு சத்தம் கேட்டதும் வெள்ளச்சி முயலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வளைக்குள்ளே மூன்று குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றை மறைத்து நின்றுகொண்டு, "யாரது?" என்றாள்.

"நான்தாம்மா, எதிர்ப் புதர் முள்ளம்பன்றி. லீவு கேட்டு வந்தேன்!"

வெள்ளச்சி அந்தக் காட்டின் மந்திரி. காடெங்கும் இருமல் நோய் பரவியதால், ஏரிக்கரை வேலைக்கான சட்டத்தை யானை ராஜா மாற்றச் சொல்லியிருந்தார். அவளும் மாற்றினாள். 'இருமல் கண்டவர் பதினைந்து நாள் வீட்டில் இருக்கலாம். வேலை போகாது. தீனி வாசலுக்கே வரும்' என்று ஓலையில் எழுதினாள். நல்ல சட்டம்தான். ஆனால், சோம்பேறிகள் பொய் சொல்வார்களே என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டாள்: 'மந்திரி முன்னால் நேரில் வந்து இருமிக் காட்ட வேண்டும்.'

"பகலில் வருவதற்கென்ன?" என்று அதட்டினாள்.

"மூணு நாளா வரிசையில நின்னேம்மா. முறை வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடுது. வேற மனு கொடுக்கக் குட்டிகளோட வந்து முன்னால நின்ன அணிலுக்கும் என்னால இருமல் வந்துடுச்சு, பாவம். நாளைக்கும் வேலைக்குப் போகலைன்னா பேரை அடிச்சிடுவாங்க. இருமட்டுமா?"

"ஐயோ, கிட்டே வராதே! உள்ளே குழந்தைகள்!"

"தெரியும்மா. அதான் பத்தடி தள்ளியே நிக்கிறேன். இங்கேயிருந்து இருமினா சட்டப்படி செல்லுமா?"

வெள்ளச்சிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் குட்டிகளுக்காக அவன் தள்ளி நிற்கிறான். அணிலின் குட்டிகளை அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை! நோயாளிகளை மற்றவர்களோடு ஒரே வரிசையில் நெருக்கி நிறுத்தியது அவள் எழுதிய வரிதானே?

ஓலையை எடுத்தாள். கடைசி வரியைப் பல்லாலேயே கடித்துத் துப்பினாள்.

"இருமவே வேண்டாமப்பா. நீ சொன்னதே போதும். லீவு கொடுத்தாச்சு, போய்ப் படு! தப்பு என்னுடையது என்று காலையில் ராஜாவிடம் நானே சொல்கிறேன்."

"நிஜமாவா! நான் பொய் சொல்லியிருந்தா?"

"பொய்யென்றால் கொஞ்சம் வேலைதானே கெடும்? நிஜமென்றால்..." அவள் தூங்கும் குட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

முள்ளம்பன்றி இருமிக்கொண்டே மெல்ல நடந்து போனான். சற்று நேரத்தில், எதிர்ப் புதரில் அவன் உள்ளிருந்து கதவைத் தாழிடும் ஓசை கேட்டது.

நோய்க்காலத்தில் சட்டம் எழுதுகிறவர்கள், ஏமாற்றுகிறவனைப் பிடிக்க நினைப்பதற்கு முன்னால், நோயாளியை வீட்டில் இருக்க விட வேண்டும்.