சந்தைக்கு வந்த அரண்மனைக் குதிரை

செவ்வரை நாடு என்று ஒரு நாடு இருந்த காலம். அதை ஆண்ட இரணசிங்க ராஜாவுக்குக் கோபம் மூக்கின் மேலேயே குடியிருந்தது. தேரோட்டத்தன்று ஊரே பார்க்க அவருடைய வெள்ளைக் குதிரை சங்கு அவரைக் கீழே தள்ளி உதைத்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஆனால் எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது அவருக்குத் தெரிந்தது. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. குதிரையையும் அதைப் பழக்கிய காத்தானையும் சேர்த்து யானைக்காலில் இடறச் சொல்லிவிட்டார்.

காத்தானின் அண்ணன் மாசானம் சந்தைத் தரகன். செய்தி கேட்டு ஓடிவந்து சபையில் விழுந்தான். குதிரையை முழு விலைக்கு விற்றுத் தருகிறேன், தம்பியை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினான்.

ராஜாவோடு ஒட்டிக்கொண்டே திரியும் கோபண்ணருக்கு, வேறு யாராவது அவரிடம் பேசினாலே வயிறு எரியும். "பொய் சொல்லாமல் ஒரு தரகன் விற்றான் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை, மகாராஜா" என்றார்.

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "குற்றத்தை மறைக்காமல், பொய் சொல்லாமல் விற்கவேண்டும். நாளைப் பொழுது சாய்வதற்குள் விற்காவிட்டால் உன் தம்பி போவான். பொய் சொன்னால் அவனோடு நீயும் போவாய்" என்றார்.

மறுநாள் சங்கைச் சந்தையில் கட்டினார்கள். எதிரில் இருந்த புளியமரத்தில் காத்தானையும் கட்டினார்கள்.  மாசானம் கூவி ஆள் சேர்க்காமல் தம்பியிடம் போய், தேரோட்டத்தன்று வழக்கத்துக்கு மாறாக என்ன நடந்தது என்று கேட்டான். கோபண்ணர் காணிக்கையாகக் கொடுத்த புனுகை ராஜா அன்றுதான் முதல்முறையாகப் பூசியிருந்தார் என்றான் காத்தான்.

வேடிக்கை பார்க்கக் கோபண்ணரே வந்தார். அவர் நெருங்கியதும் சங்கு கண்ணை உருட்டிப் பின்னங்காலை வீசியது. தண்ணீர்ப் பானை தூளானது. கோபண்ணர் எகிறிக் குதித்து ஓடினார். அவர் விட்டுப்போன புனுகு வாசனையை மாசானம் இழுத்து முகர்ந்தான்.

உச்சிப்பொழுதில் பருத்தி வியாபாரி ஒருவர் வந்தார். மகன் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வேண்டும், கேட்ட விலை தருகிறேன் என்றார். காத்தானின் முகம் மலர்ந்தது. மாசானமோ மாப்பிள்ளைக்குப் புனுகு பூசுவீர்களா என்று விசாரித்தான். பூசாமல் இருப்பார்களா, கூட்டமே பூசிக்கொண்டுதான் வரும் என்றார் அவர்.

"அப்போ வேண்டாங்க. உங்க பிள்ளையைக் கீழே தள்ளிடும்."

வியாபாரி போய்விட்டார். காத்தான் கதறினான். "அண்ணே, என்னைக் கொல்லவா வந்தே?" மாசானம் அடுத்த ஆளைத் தேடிச் சந்தை வாசலைப் பார்த்தான். அதன்பிறகு ஒருவரும் வரவில்லை. சந்தை கலையத் தொடங்கியது. யானையை ஓட்டி வந்து ஓரமாக நிறுத்தினார்கள்.

வெயில் மஞ்சளாகும்போது, கம்பளியால் முக்காடிட்ட ஆட்டுக்காரர் ஒருவர் வந்து நின்றார். சங்கு அவர் தோளில் மூக்கை வைத்துத் தேய்த்தது.

"இதுவா ராசாவை உதைச்சது?" என்று கேட்டார் அவர்.

"ஆமாங்க. ஊர் பார்க்க உதைச்சது."

"ஏன்?"

"அன்னைக்கு ராசா மேல புனுகு. அது காட்டுப் பூனையோட வாடைங்க. ஏதோ மிருகம் முதுகுல ஏறிட்டுதுன்னு இது பயந்துபோச்சு. ராசா மேல இதுக்கு ஒரு வெறுப்பும் இல்லை."

ஆட்டுக்காரர் சங்கின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். மாசானம் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவர் கை நீட்ட, சந்தை வழக்கப்படி மாசானம் துண்டைப் போட்டு மூடினான். துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் அங்கே விலை பேசுவார்கள். ஆட்டுக்காரரின் உள்ளங்கை பஞ்சு. விரலில் மோதிரம் கழற்றிய தடம். விரல் இடுக்கில் மட்டும் கடிவாளம் பிடித்த காய்ப்பு. மாசானத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் முகத்தை மாற்றவில்லை.

"ஏறிப் பார்த்துட்டு விலை சொல்லுங்க" என்றான்.

சங்கு அவரைச் சுமந்து சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அடக்கமாக நின்றது. அவர் இறங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துண்டுக்குள் கை வந்தது. முழு விலைக்கு ஐந்து விரலையும் பிடிக்கவேண்டும். ஐந்தையும் இறுகப் பிடித்தது. அப்போதுதான் பொழுது சாய்ந்தது.

மறுநாள் சபையில் கோபண்ணர் முந்திக்கொண்டார். "முழு விலையாம், அதுவும் ஆட்டுக்காரனுக்காம். புளுகு, மகாராஜா."

ராஜா சிம்மாசனத்துக்குப் பின்னாலிருந்து கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். கோபண்ணருக்கு முகம் செத்துவிட்டது.

"கையைப் பிடித்ததுமே நான்தான் என்று உனக்குத் தெரிந்திருக்குமே, ஏன் வாய் திறக்கவில்லை, மாசானம்?"

"நீங்க ஆட்டுக்காரரா வந்தீங்க, மகாராஜா. வாங்க வர்றவர் எப்படி வர்றாரோ, அப்படியே வெச்சுத்தான் வியாபாரம் பேசணும்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். தேரோட்டத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். அரண்மனை மிளகு முழுவதையும் கப்பல்காரர்களிடம் விற்கும் பொறுப்பை மாசானத்துக்குக் கொடுத்தார். சங்குக்கு ஒரு மாதம் தண்ணீர் காட்டும் வேலையைக் கோபண்ணருக்குக் கொடுத்தார். "புனுகு போகத் தேய்த்துக் குளித்துவிட்டுப் போம்" என்று புத்தியும் சொன்னார்.

"என் குதிரையை என்னிடமே விற்றுவிட்டாய். விற்றவனும் நான், வாங்கியவனும் நான். உன் தரகு என்ன, கேள்."

மாசானம் வாசல் பக்கம் கை காட்டினான். அங்கே இன்னும் கைகள் கட்டப்பட்டபடியே காத்தான் நின்றுகொண்டிருந்தான்.

"அதோ நிக்கிறான், மகாராஜா. கட்டை அவிழ்க்கச் சொல்லுங்க."