ஏழாவது தட்டு

பேராசிரியர் ஜெபக்கனிக்கு வயது முப்பத்தொன்பது. அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்த மாசிலாமணிக்கு ஐம்பத்தொன்று. குரு சீடரை "சார்" என்பார், சீடர் குருவை "மேடம்" என்பார். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

மாசிலாமணி பக்கத்து ஊர்க் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். கரும்பலகை முன்னால் நின்றால் அவரை அசைக்க ஆளில்லை. ஆய்வகத்துக்குள் கால் வைத்தால் மட்டும் முகம் சுண்டிப்போகும். தனக்குக் கைராசி கிடையாது என்பது அவர் கட்சி. அவர் நட்ட கறிவேப்பிலைக் கன்று மூன்றும் பட்டுப்போனதை வீட்டுக்காரம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். முப்பது வருஷமாக ஒரு மனுஷனிடம் இதையே சொன்னால் அவன் நம்பாமல் என்ன செய்வான்?

குரு கொடுத்திருந்த வேலை இதுதான். வயல் மண்ணிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியா. அதை ஒரு மருந்து கொன்றுவிடும். ஆனாலும் கோடியில் ஒன்றிரண்டு பிழைத்துக்கொள்ளும். மருந்தைக் கண்ட பிறகு பிழைக்கக் கற்றுக்கொள்கிறதா, மருந்து வரும் முன்பே அந்தத் தன்மை வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பத்துக் குழாய்களில் தனித்தனியாக வளர்த்து, ஒவ்வொன்றையும் மருந்து கலந்த கூழ் உறைய வைத்த ஒரு கண்ணாடித் தட்டில் ஊற்ற வேண்டும். பிழைத்தவை புள்ளி புள்ளியாக வளரும். புள்ளிகளை எண்ணினால் போதும்.

மாசிலாமணி எண்ணினார். ஒன்று, பூஜ்யம், மூன்று, பூஜ்யம், ஐந்து, பூஜ்யம். ஏழாவது தட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு. மிச்ச மூன்றில் ஒன்று, இரண்டு, பூஜ்யம்.

இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் இப்படித்தான் ஒரு தட்டு மட்டும் எகிறியது. கெட்டுப்போனது என்று நோட்டில் எழுதிவிட்டு அதைத் தூக்கிப் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு முன்னால் எண்களை வைத்தாக வேண்டும். இந்த முறையும் குழுவுக்குத் திருப்தி இல்லையென்றால் அவருடைய பதிவே ரத்தாகிவிடும்.

அவர் நேரே குருவின் அறைக்குப் போனார்.

"மேடம், ஒரு தட்டை விட்டுடலாமா?"

"எதுக்கு சார்?"

"என் கை சரியில்ல மேடம். ஏழாவதுல எதையோ கலந்துட்டேன். அது ஒண்ணை எடுத்துட்டா மத்ததெல்லாம் ஒழுங்கா நிக்கி."

ஜெபக்கனி நாற்காலியிலிருந்து எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு பெரிய குடுவையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அதே பாக்டீரியாவை இந்த ஒரே குடுவையில் வளர்த்து, பத்துச் சம பங்காக்கிப் பத்துத் தட்டில் ஊற்றச் சொன்னார். தான் எதையும் தொடப் போவதில்லை என்றும் சொன்னார்.

"எல்லாம் உங்க கையாலதான் சார். கை சரியா இருந்தா பத்தும் ஏறக்குறைய ஒண்ணுபோல வரணும்."

மாசிலாமணி கல்லூரிக்கு மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். இந்தக் கையா நானா, ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தார். வெளிக் கிருமி விழாமலிருக்கப் பக்கத்தில் எரியும் விளக்கின் சுடர் ஆடும் என்பதால் மின்விசிறி போடக் கூடாது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு பங்கை அளக்கும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பத்துத் தட்டையும் சூட்டுப்பெட்டிக்குள் அடுக்கிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் காலை தட்டுகளைக் கவிழ்த்து, எண்ணிய புள்ளியை மறுபடி எண்ணாதபடி அடியில் பேனாவால் குறியிட்டுக்கொண்டே எண்ணினார். பதினேழு, பதினான்கு, பத்தொன்பது, பதினாறு, பதினைந்து, பதின்மூன்று, பதினெட்டு, பதினாறு, இருபது, பதினான்கு. நம்ப முடியாமல் இன்னொரு தடவை எண்ணினார். மாறவில்லை.

குருவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்.

"ஒழுங்கா வந்திருக்கு மேடம்."

"கை?"

"கையில ஒண்ணும் குறையில்ல."

"அப்ப அந்தப் பழைய பத்தையும் இதுக்கு மேல எழுதுங்க. ஏழாவதையும் சேர்த்து."

எழுதினார். இரண்டு வரிசையும் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. அதே கை, அதே மருந்து. ஒரே குடுவையிலிருந்து வந்தவை சீராக இருந்தன. தனித்தனிக் குழாய்களில் வளர்ந்தவை பூஜ்யத்திலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரை ஓடின. மருந்தைக் கண்ட பிறகு கற்றுக்கொண்டிருந்தால் குழாய்களும் சீராகத்தானே இருந்திருக்கும்? மருந்து வரும் முன்பே, ஏழாவது குழாயில் ஏதோ ஒன்று வெகு சீக்கிரம் மாறி, தன் வம்சத்தைப் பெருக்கியிருக்கிறது. மற்ற குழாய்களில் மாற்றம் தாமதமாக வந்தது, அல்லது வரவே இல்லை.

மாசிலாமணிக்கு உடம்பு கூசியது. இது எண்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேர் செய்து காட்டிய சோதனை. இருபத்துநான்கு வருஷமாக அவரே வகுப்பில் எழுதிப்போடும் பத்து மதிப்பெண் கேள்வி. குழாய்க்குக் குழாய் எண்ணிக்கை பெரிதும் வேறுபடும் என்ற வரியை விட்டுவிட்ட பிள்ளைகளுக்குச் சிவப்பு மையில் சுழித்தவர் அவர்.

"மேடம், இது நான் நடத்துற பாடம்."

"தெரியும் சார். வெள்ளிக்கிழமை ரெண்டு வரிசையையும் வைங்க."

"வைக்கேன். முதல் ரெண்டு தடவையும் இதேதான் வந்துச்சு மேடம். கெட்டுப்போனதுன்னு எழுதித் தூக்கிப் போட்டுட்டேன். எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

ஜெபக்கனி ஏழாவது தட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"புத்தகத்துல இருந்தா கண்டுபிடிப்பு. உங்க கையில வந்தா தப்பா சார்?"