பத்து லட்சத்து ஒரு செங்கல்

நூறு வரை வகுத்துப் பார்த்துவிட்டு, உலகத்தையே வகுத்து முடித்ததாக நினைத்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெயர் திருவேங்கடம், ஜமீன் மேனேஜர். ஏரியோரத்துக் களிமண் பள்ளத்தின் மேல் அவருக்கு ஒரு கண். அங்கே வெற்றிலைக் கொடிக்கால் போட ஆசை. ஆனால் அந்த மண்ணை நம்பித்தான் ஒச்சம்மாவின் செங்கல் சூளை நடந்தது. நாற்பது குடும்பங்களுக்கு அதுதான் சோறு.

வண்டி குலுங்கினால் ஒரு கல்லாவது உடையும். அதனால் நூறு கல் கேட்டால் மேலே ஒன்று கொசுறாக வைத்தே அடுக்குவது அந்தச் சூளை வழக்கம். மேனேஜர் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

ஜமீன்தார் புது மதில் கட்டப் பத்து லட்சத்து ஒரு செங்கல் கேட்டார். மொய் எழுதும்போது நூறு, ஆயிரம் என்று நிறுத்தமாட்டோம் அல்லவா, அந்த ஒன்று அதற்காக. மேனேஜர் இரண்டிலிருந்து நூறு வரை எல்லா எண்ணாலும் அதை வகுத்தார். ஒவ்வொன்றிலும் மீதி விழுந்தது. நூறு வரை மசியாதது அதற்கு மேலா மசியப்போகிறது என்று ஏட்டை மூடிவிட்டு, ஜமீன்தாரிடம் போய் ஒரு நிபந்தனை போட வைத்தார்.

"கல் எல்லாம் சம அடுக்காக நிற்க வேண்டும். ஒரே அடுக்காகக் குவிக்கக் கூடாது, ஒற்றைக் கல்லை அடுக்கு என்றும் சொல்லக் கூடாது. ஒரு கல் மிஞ்சினாலும் பள்ளம் ஜமீனுக்கு. மிஞ்சாவிட்டால் என்றைக்கும் உங்களுக்கே" என்றார் ஜமீன்தார்.

"மேனேஜர் காலில் விழுந்து கேள், அந்த ஒரு கல்லைக் குறைக்கச் சொல்வார்" என்று யாரோ ஒச்சம்மாவுக்கு யோசனை சொன்னார்கள்.

"என் கால் நல்லா இருக்கையில அவரு கால் எனக்கெதுக்கு?" என்றாள் அவள்.

எட்டு மாதத்தில் கல் வெந்து, மைதானம் நிறைய அடுக்கு நின்றது. மேனேஜர் வெயிலில் சுற்றிச் சுற்றி வந்து, மிஞ்சிய ஒரு கல்லைத் தேடினார். கிடைக்கவில்லை. அப்போதும் மனிதர் விட்டாரா?

"இவளுக்கு வகுத்தலே தெரியாது. ஏதோ பழக்கத்தில் அமைந்துவிட்டது. இது செல்லாது" என்றார்.

"கணக்கு நீங்க போட்டீங்க, கல்லு நாங்க போட்டோம். மிச்சம் இருந்தா எடுத்துக் காட்டுங்க" என்றாள் ஒச்சம்மா.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஒரு அடுக்கில் எத்தனை கல், மொத்தம் எத்தனை அடுக்கு? மேனேஜர் எங்கே தவறினார்? பள்ளம் யாருக்கு?

விடை: அடுக்குக்கு நூற்றொரு கல், ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒரு அடுக்கு. பெருக்கிப் பாருங்கள், ஒன்றுகூட மிஞ்சாது. ஆயிரம் முறை ஆயிரம் பத்து லட்சம். ஆகவே இந்த எண் இரண்டாகப் பிரியுமானால் சிறிய எண் ஆயிரத்தைத் தாண்டாது. மேனேஜர் ஆயிரம் வரை போயிருக்க வேண்டும். நூறில் நின்றார், விடை அடுத்த எண்ணில், அவர் சிரித்த கொசுறில் இருந்தது. நிபந்தனை கல்லுக்குத்தான், அடுக்கியவளின் படிப்புக்கு இல்லை. பள்ளம் ஒச்சம்மாவுக்கே. ஜமீன்தாரும் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லிவிட்டு, "ஒரு கும்பிடு போடம்மா" என்றார். "எங்க மண்ணு எங்ககிட்டயேதான இருக்கு, இதுக்கு எதுக்குங்க கும்பிடு?" என்று கேட்டுவிட்டு, அவள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்குப் போனாள்.