போய் வா என்று சொல்ல முடியாத வீடு

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நாயை முதலில் சொல்வதா, நாயை வளர்த்தவளை முதலில் சொல்வதா என்றே தெரியவில்லை. ராஜாவில் தொடங்கினால் தப்பு வராது என்பார்கள். அப்படியே தொடங்குகிறேன். நடுவில் ஏதாவது விட்டுப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீப்பெட்டி என்ற ஒன்று உலகத்தில் பிறக்காத காலத்தில், குன்றையூரை ஒரு ராஜா ஆண்டார். நல்ல ராஜாதான். ஆனால் இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை. அவருடைய கோட்டைக்கு வெளியே, கடைசித் தெருவில், கடைசி வீட்டில் வடிவாச்சி என்று ஒருத்தி இருந்தாள். கதை அவளுடையது.

வடிவாச்சி பொரி வறுப்பவள். பெரிய மண்சட்டியில் மணலைக் காயவைத்து, அதில் நெல்லைப் போட்டால் பொரியாகும், கடலையைப் போட்டால் வறுகடலையாகும். ஊரார் தங்கள் தானியத்தைக் கொண்டுவந்து வறுத்துக்கொண்டு போவார்கள். கூலியாக அவளுக்கு ஒரு பங்கு தானியம் கொடுப்பார்கள்.

அவள் அடுப்பு அணைவதே இல்லை. அதனால் காலையில் அடுப்பு மூட்ட வேண்டிய பெண்கள் எல்லாரும் உடைந்த பானை ஓட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குத் தணல் வாங்க வருவார்கள். வந்தவர்கள் தணலை வாங்கியதும் போக மாட்டார்கள். பேச்சும் சிரிப்புமாக வாசல் நிறைந்திருக்கும்.

அவளிடம் ஒரு இளம் நாய் இருந்தது. உடம்பெல்லாம் புள்ளி. அதனால் மொச்சை என்று பெயர். அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். வந்தவரைக் கண்டால் ஓடும், குதிக்கும், நக்கும். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதம் அதற்கு இல்லை. வரி கேட்டு வந்த சேவகனைக்கூட நக்கியது.

வடிவாச்சியின் புருஷன் செத்துப்போன வருஷம், பக்கத்து ஊரில் ஒருவன் பட்டப்பகலில் வீடு புகுந்து, ஒரு கிழவியின் காதை அறுத்து நகையைக் கொண்டுபோனான் என்று சேதி வந்தது. வடிவாச்சியின் காதிலும் தண்டட்டி கிடந்தது. அவள் அம்மா போட்டது. கனமான பொன். அன்றிலிருந்து அவள் கை அடிக்கடி காதுக்குப் போயிற்று. கண் அடிக்கடி நாய்க்குப் போயிற்று.

"இதை நம்பி எப்படி இருப்பது? திருடன் வந்தால் இதுவே பாய் விரித்துப் போடுமே!"

செக்கு ஆட்டும் ஆண்டியப்பனிடம் யோசனை கேட்டாள்.

"சோற்றைக் குறை, தங்கச்சி. வயிறு காய்ந்தால் நாய்க்குக் கோபம் வரும். என்னைப் பார், சாப்பாடு தாமதமானால் நானே கடிப்பேன்."

சோற்றைக் குறைத்தாள். மொச்சை கோபப்படவில்லை. தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. எல்லாரும் போட்டார்கள். முன்பு வந்தவரிடம் மட்டும் சிநேகமாக இருந்தது, இப்போது தெருவுக்கே சிநேகமாகிவிட்டது.

நாத்தனார் முத்தரசியிடம் கேட்டாள்.

"இருட்டறையில் கட்டிப் போடுங்க மதினி. மனுஷ முகமே காட்டாதீங்க. தானாக மூர்க்கம் வரும்."

இருட்டில், நெல் குதிருக்குப் பின்னால் கட்டிப் போட்டாள். அது அழுதது. இவளும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். பொழுது சாய்வதற்குள் இவளே போய் அவிழ்த்துவிட்டாள். வெளியே வந்த மொச்சை, பல வருஷம் பிரிந்திருந்ததுபோல எல்லார் மேலும் விழுந்து நக்கியது.

மூன்றாவதாக, ராஜாவின் வேட்டை நாய்களைப் பழக்கிய கரியமால் என்பவரிடம் கேட்டாள். அவர் காட்டுக்காரர். வார்த்தையைச் செலவழிக்க மாட்டார்.

"ரெண்டு சொல் போதும்மா. வா என்றால் வாலை ஆட்டணும். போ என்றால் பாயணும். நான் பழக்கித் தாரேன்."

பழைய வேட்டி சுற்றிய வைக்கோல் பொம்மையை நிறுத்தினார். "போ!" என்றார். மொச்சை பாய்ந்து பொம்மையின் காலைக் கவ்வினால் ஒரு துண்டு உப்புக்கண்டம் கொடுத்தார். "வா!" என்றால் விட்டுவிட்டு வர வேண்டும். அதற்கும் ஒரு துண்டு. மொச்சைக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடித்துப்போயிற்று. சீக்கிரமே கற்றுக்கொண்டது.

வடிவாச்சிக்கு நிம்மதி வந்தது. இனி ஒரு சொல் போதும், திருடன் ஓடுவான் என்று நினைத்தாள். ஆனால் காட்டுக்காரருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஊர்க்காரியான இவளுக்கு நினைவில்லாத ஒன்றும் அதுதான்.

அடுத்த வீட்டு மருமகள் பவளம் காலையில் தணல் வாங்க வந்தாள். மொச்சை குட்டியாக இருந்தபோது அதைத் தூக்கி வளர்த்தவள் அவள். பேசினாள், சிரித்தாள், ஓட்டில் தணலை வாங்கிக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பி, "வாறேன் அக்கா" என்றாள்.

நம் ஊரில் யாராவது அப்படி விடைபெற்றால் நாம் என்ன சொல்வோம்?

"போய் வா தாயி" என்றாள் வடிவாச்சி.

நாய்க்கு முதல் சொல் போதுமாக இருந்தது. இரண்டாவது சொல் வரும்வரை அது காத்திருக்கவில்லை.

பவளத்தின் கணுக்காலை அது கவ்வியது. அவள் விழுந்தாள். ஓடு உடைந்தது. தணல் சிதறி அவள் பாதத்தில் பட்டது. வடிவாச்சி ஓடிவந்து தண்ணீரை ஊற்றினாள். மொச்சை சற்றுத் தள்ளி உட்கார்ந்து வாலை ஆட்டியது. உப்புக்கண்டத்துக்காகக் காத்திருந்தது.

அதைப் பார்த்துத்தான் வடிவாச்சிக்கு நெஞ்சு உடைந்தது. அது தப்புச் செய்யவில்லை. சொன்னதைச் செய்திருக்கிறது.

பவளத்தின் மாமியார் தெரு நடுவில் நின்று கத்தினாள். நாய்க்குக் கற்றுக்கொடுத்த சொல் இன்னது என்று ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. கோட்டைக்குள் வரைக்கும் அதே பேச்சு. தணல் வாங்க வந்த பெண்கள் அடுத்த தெருவுக்குப் போனார்கள். பொரி வறுக்க யாரும் வரவில்லை. சட்டி ஆறிக் கிடந்தது.

நாத்தனார் முத்தரசி மட்டும் ஒருநாள் வந்தாள். கிளம்பும்போது, "வாறேன் மதினி" என்றாள்.

வடிவாச்சி வாயை இறுக மூடிக்கொண்டு, "ம்" என்றாள்.

"அது என்ன ம்? போய் வான்னு சொல்ல வாய் வலிக்குதோ?"

"வலிக்கப்போவது என் வாய் இல்லை முத்தரசி, உன் கால்."

"அப்போ போன்னு மட்டும் சொல்லிடுங்க!"

"ஐயோ, அது இன்னும் மோசம்!"

முத்தரசி நாயை ஒரு பார்வை பார்த்தாள். "திருடனே வந்து திருடிட்டுப் போனாலும் இவ்வளவு சேதாரம் வராது" என்று சொல்லிக்கொண்டே சுவரோரமாக நடந்து போனாள். பிறகு அவளும் வரவில்லை.

வாசலில் காவல் இருந்தது. வீட்டுக்குள் பயம் இருந்தது. முன்னைவிட அதிகமாக இருந்தது. ஏனென்றால் இப்போது வடிவாச்சி கூப்பிட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை.

இப்படி இருக்கும்போது ஒரு நண்பகலில், தெருவார் எல்லாரும் சாப்பிட்டுக் கதவைச் சாத்தியிருந்த நேரத்தில், ஒரு புது ஆள் வந்தான். தோளில் சிறு மூட்டை.

"கடலை வறுக்கணும், ஆத்தா."

எத்தனையோ நாள் கழித்து ஒருவன் வறுக்க வந்திருக்கிறான். வடிவாச்சிக்கு வந்த சந்தோஷத்தில் யார், எந்த ஊர் என்று கேட்கத் தோன்றவில்லை. "உள்ளே வா தம்பி, உட்கார்" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனாள். பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பினாள். அவன் கையில் கத்தி இருந்தது. அவன் கண் அவள் காதில் இருந்தது.

"கழற்று. இல்லாவிட்டால் காதோடு வரும்."

அவள் பலம் கொண்ட மட்டும் கத்தினாள். "மொச்சை! போ! போ!"

அடுப்படியில் படுத்திருந்த மொச்சை எழுந்தது. அவன் சிரித்தான்.

"வா" என்றான். "வாடா, வா. உன் பாடம் ஊருக்கே மனப்பாடம்."

"போ!"

"வா!"

"போ!"

"வா, வா!"

நாய் அவளைப் பார்த்தது. அவனைப் பார்த்தது. ஓரடி பாய்ந்தது, வாலை ஆட்டியது, பாய்ந்தது, ஆட்டியது. கடைசியில் இருவருக்கும் நடுவில் குழம்பிப்போய் நின்றுவிட்டது. அவன் அதைக் காலால் ஒதுக்கிவிட்டு அவள் காதைப் பிடித்தான்.

அந்தச் சமயத்தில் வெளியே ஒரு குரல் கேட்டது.

"அக்கா! நாயைப் பிடிச்சுக்கோங்க! தணல் வேணும்!"

பவளம்தான். அன்று அவள் வீட்டு அடுப்பு அணைந்துவிட்டது. புண் ஆறாத காலோடு அடுத்த தெருவரை நடக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் வந்து, எட்டத்தில் நின்று கூப்பிட்டாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் மொச்சைக்கு எல்லாப் பாடமும் மறந்துபோயிற்று. தன்னைத் தூக்கி வளர்த்தவள் வந்திருக்கிறாள், அவ்வளவுதான். சாத்தியிருந்த கதவை முட்டித் தள்ளிக்கொண்டு, குரைத்துக்கொண்டு, தெருவில் பாய்ந்தது.

பாய்ந்து வருகிற நாயைக் கண்ட பவளம் ஊரே நடுங்கும்படி அலறினாள்.

கதவுகள் திறந்தன. "கடிக்குது! மறுபடியும் கடிக்குது!" என்று கத்திக்கொண்டு, ஆண்டியப்பன் செக்குக் கம்போடு வந்தான். பவளத்தின் மாமியார் உலக்கையோடு வந்தாள். தெருவே வந்தது. நாயை அடிக்க வந்த கூட்டம் அது.

உள்ளே இருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? திறந்து கிடந்த கதவு வழியாக உலக்கையும் கம்பும் வருவதைப் பார்த்தான். தன்னைத்தான் அடிக்க வருகிறார்கள் என்று நினைத்தான். கத்தியை எறிந்துவிட்டு வெளியே ஓடிவந்து, நேராக மாமியாரின் காலில் விழுந்தான்.

"அடிக்காதீங்க ஆத்தா! இன்னும் கழற்றவே இல்லை!"

மாமியார் ஓங்கிய உலக்கையோடு நின்றாள். "எதைக் கழற்றலை? நீ யாருடா?"

அப்புறம்தான் எல்லாருக்கும் புரிந்தது. வடிவாச்சி காதைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தண்டட்டி இருந்தது. காதும் இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தெரு நடுவில் பவளமும் உட்கார்ந்திருந்தாள். மொச்சை அவள் புண்பட்ட காலுக்குப் பக்கத்தில் படுத்து, அவள் கையை நக்கிக்கொண்டிருந்தது.

"கடிக்கலையாடி?" என்றாள் மாமியார்.

"இல்லை அத்தை" என்றாள் பவளம். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "என்னைப் பார்க்கத்தான் ஓடிவந்திருக்கு."

திருடனைச் சேவகர்கள் கொண்டுபோனார்கள். வடிவாச்சி கரியமாலிடம் போய், "கற்றுக்கொடுத்ததை எடுத்துவிடுங்க ஐயா" என்று கேட்டாள். "போடத்தான் எனக்குத் தெரியும், எடுக்கத் தெரியாதும்மா" என்றார் அவர். ஆகவே அவளே எடுத்தாள். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, "போ" என்று மெல்லச் சொல்லித் தடவிக்கொடுப்பாள். பாயாமல் உட்கார்ந்தால் ஒரு பிடி பொரி கொடுப்பாள். பவளம் எட்டத்தில் நின்று "வாறேன் அக்கா" என்பாள். நாள் ஆக ஆக அருகில் வந்து சொன்னாள். அந்தச் சொல்லில் இருந்த பல் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தது. ஒரு காலையில் வடிவாச்சி கயிறு இல்லாமலே, "போய் வா தாயி" என்று வாய் நிறையச் சொன்னாள். மொச்சை கொட்டாவி விட்டது. பெண்கள் மறுபடியும் தணலுக்கு வந்தார்கள். சட்டியில் மணல் காய்ந்தது.

நீதியை மறப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: மனிதர்களை வாசலிலிருந்து விரட்டுகிற காவலைவிட, அவர்களை வாசலுக்கு வரவைக்கிற அன்பே பெரிய காவல்.

வடிவாச்சிக்குப் பயம் முழுவதும் போய்விட்டதா என்றால், இல்லை. தனியாக இருப்பவளுக்கு அது அவ்வளவு சுலபமாகப் போகாது. அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள். தன் அடுப்படிக்கும் பவளத்தின் அடுப்படிக்கும் நடுவில் இருந்த மண்சுவரில், ஒரு கை நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டாள். மாமியாரிடம் கேட்டுக்கொண்டுதான் போட்டாள். காலையில் அந்த வழியாகத் தணல் போயிற்று. விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த வழியாக ஒரு குரல் வந்தது.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன் தாயி" என்பாள் வடிவாச்சி.