கீரிக் குட்டியின் மெத்தை

இலவ மரங்கள் நிறைந்த ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தது. நல்ல பாம்பே படமெடுத்து நின்றாலும் பின்வாங்காத கீரி. ஆனால் பிள்ளைகளே, கண் திருஷ்டி என்ற பேச்சைக் கேட்டால் மட்டும் அதற்குக் கால் நடுங்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் பிறந்த அதன் மூத்த குட்டியைப் பகலில் தூங்கப் போட்டார்கள். அது எழுந்திருக்கவே இல்லை. காய்ச்சல் இல்லை, பூச்சிக்கடியும் இல்லை. காடே கூடி நின்று, "முள்ளம்பன்றி கண்ணு பட்டுடுச்சு" என்று முடிவு கட்டிவிட்டது. குட்டியைப் பார்க்க வந்தவர்களில் முள்ளம்பன்றி மட்டும்தான் வெறுங்கையோடு வந்ததாம்.

அந்தக் காட்டு வழக்கம் அப்படி. பிறந்த குட்டியைப் பார்க்க வருகிறவர்கள் மெத்தென்று ஏதாவது கொண்டுவந்து அதன் படுக்கையில் போட வேண்டும். படுக்கை எவ்வளவு உயரமோ அவ்வளவு பெருமை. முள்ளம்பன்றியிடம் மெத்தென்று என்ன இருக்கும், பாவம்!

இப்போது கீரிக்கு மறுபடி ஒரு குட்டி பிறந்தது. கண் திறக்காத, தலை நிற்காத பச்சைக் குட்டி.

எல்லாம் தெரிந்த குரங்கு ஓடி வந்தது. இலவம் பஞ்சை அள்ளி அள்ளிப் போட்டது. ஆடம்பரக்கார மயில் தன் இறகுகளைக் கொண்டுவந்து சுற்றிலும் அடுக்கியது.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது கீரி அக்கா! முகத்தை இறகால மூடிடு. யார் கண்ணுலயும் படவேண்டாம்" என்றது மயில்.

"குப்புறப் போடு. அப்பதான் திடுக்குனு முழிக்காது" என்றது குரங்கு.

கீரி குட்டியைத் தூக்கிக்கொண்டு படுக்கையிடம் போனது. அந்த நேரம் பார்த்து முள்ளம்பன்றி வந்தது. இந்த முறையும் வெறுங்கைதான்!

"ஐயையோ! நீ ஏன் வந்தே?" கீரி குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டது. "ஒண்ணை முழுங்கினது போதாதா?"

முள்ளம்பன்றியின் முகம் வாடிவிட்டது. யாருக்குத்தான் வாடாது? ஆனாலும் அது திரும்பிப் போகவில்லை.

"நான் போயிடறேன் கீரி. இந்தக் காட்டை விட்டே போயிடறேன். போறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறேன். குட்டியைப் போடறதுக்கு முன்னால நீ அந்த மெத்தையில ஒரு தரம் படுத்துக் காட்டு. அது படுக்கப் போற மாதிரியே, குப்புற."

"அவ்வளவுதானா? தொல்லை விட்டுது! படுத்துக் காட்டு அக்கா" என்றது குரங்கு.

கீரி குட்டியைத் தரையில் விட்டுவிட்டு மெத்தையில் குப்புறப் படுத்தது. மயில் இறகால் அதன் தலையை மூடியது.

பஞ்சு முகத்தை உள்ளே வாங்கிக்கொண்டது. மூக்கில் பஞ்சு, வாயில் பஞ்சு. விட்ட மூச்சே சூடாகத் திரும்பி வந்தது. கீரி திணறிப்போய்த் தலையை உதறிக்கொண்டு துள்ளி எழுந்தது.

"மூச்சு முட்டுது! நல்லவேளை, தலையைத் தூக்கிட்டேன்..."

கீரி தரையில் கிடந்த குட்டியைப் பார்த்தது. அதன் தலை இன்னும் நிற்கவில்லை. அதனால் தலையைத் தூக்க முடியாது.

"அப்போ என் மூத்தவன்... அவனையும் இப்படித்தானே பஞ்சுல குப்புறப் போட்டோம்!" என்றது கீரி. "அவனுக்குக் கண்ணு படலையா?"

"இல்லம்மா" என்றது முள்ளம்பன்றி.

கீரி ஓவென்று அழுதது. மயிலும் குரங்கும் தலையைக் குனிந்துகொண்டன. முள்ளம்பன்றி கிட்டே வந்து, "நீ ஆசையாத்தான் செஞ்சே. உனக்குத் தெரியாது, அழாதே" என்றது.

கீரி கண்ணைத் துடைத்துக்கொண்டது. பஞ்சையும் இறகையும் வாரி வெளியே எறிந்தது. கெட்டியான சமதரையைத் துடைத்து, குட்டியை அதில் மல்லாக்கப் படுக்கவைத்தது. முகத்தின் மேல் ஒன்றும் இல்லை, பக்கத்திலும் ஒன்றும் இல்லை.

குரங்கு மெல்லக் கேட்டது: "கட்டாந்தரையில போட்டா காட்டுல நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேர் சொன்னதைக் கேட்டுத்தான் ஒருத்தனை மண்ணுக்குக் கொடுத்தேன்" என்றது கீரி.

பிறகு அது முள்ளம்பன்றியைப் பார்த்து, "போகாதே, கொஞ்சம் இங்கேயே உட்காரு" என்றது. இரண்டும் ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்தன. குட்டியின் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தன.

நீதி: பச்சிளங்குழந்தைக்கு மெத்தையைவிட மூச்சே பெரிது, மல்லாக்கப் படுக்க வை, முகத்தை மூடாதே.