வாசலில் பட்டினி

"முந்நூற்று நாற்பத்தொன்பது கதை சொல்லிட்டீங்க. மிச்சம் ஒண்ணே ஒண்ணு. அதைச் சொல்ல என்னம்மா தடை?" என்று கேட்டான் லோர்கன்.

இது பழைய அயர்லாந்தில் நடந்தது. அங்கே கவிஞர் என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. அரசனுக்குப் பக்கத்தில் இருக்கை, கையில் பொன்மணிகள் கட்டிய மரக்கிளை. அந்தக் கிளை வேண்டுமென்றால் முந்நூற்றைம்பது கதைகள் தெரிந்திருக்க வேண்டும். எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. எல்லாம் மனப்பாடம்.

லோர்கனுக்கு வயது நாற்பத்தெட்டு. நூற்றுப்பத்து மாடுகளைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் படிக்க வந்தவன். குரு ஈத்னே அவனைவிடப் பத்து வயது இளையவள். மடியில் மூன்று மாதக் கைக்குழந்தை.

பன்னிரண்டு வருடம் அவள் வீட்டு இருட்டறையில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு கல்லை வைத்துக்கொண்டு பாடம் படித்தான். அந்த நாட்டில் கவிதைப் படிப்பு அப்படித்தான். கண்ணுக்கு வேலை இல்லை, காதுக்கும் நெஞ்சுக்கும்தான் வேலை.

கதைகளைக் கேட்டு அந்தக் கிளையைக் கொடுக்கிற பெருஞ்சபை அடுத்த வாரம் கூடுகிறது. இதை விட்டால் இன்னும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

ஈத்னே குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அது என்கிட்ட இல்லைங்க."

லோர்கன் தலைவணங்கிவிட்டு இருட்டறைக்குப் போனான். கல்லை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டு, 'இல்லை' என்பதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யோசித்தான். ஒன்பது விதமாக விளக்கம் கிடைத்தது. ஒன்பதையும் ஈத்னேயிடம் ஒப்பித்தான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா என்கிட்ட இல்லை" என்றாள்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அதிகம் படித்தவர்களுக்கு வருகிற கோபம், சட்டத்தோடு சேர்ந்து வந்தது.

மறுநாள் காலை அவள் வாசலில் உட்கார்ந்துகொண்டான். சாப்பிடவில்லை.

அந்த நாட்டில் அதற்கு ஒரு முறை உண்டு. தரவேண்டியதைத் தராதவர் வீட்டு வாசலில் பட்டினி உட்காரலாம். உள்ளே இருப்பவர், தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கும்வரை சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் நாட்டில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். வாசலில் இருப்பவன் முதலில் சாப்பிட்டால் அவன் உரிமை அத்தோடு போயிற்று. அதை மறுபடி எங்கேயும், யாரிடமும் கேட்க முடியாது.

ஈத்னே வெளியே எட்டிப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

முதல் நாள் போயிற்று.

இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு டெர்வல் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"கதைக்கா இந்தக் கூத்து?"

"என் உரிமைக்கு" என்றான் லோர்கன்.

"பால் கொடுக்கிற பொம்பளை அவ. தெரியுமில்ல?"

"ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இப்பவே எழுந்து போயிடறேன்."

டெர்வல் கதவருகே போய்க் குரல் கொடுத்தாள். "ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலையேன்."

"இல்லாததைத் தர்றேன்னு எப்படிச் சொல்றது அக்கா?" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

லோர்கன் அதற்குப் பத்தாவது விளக்கம் தேட ஆரம்பித்தான்.

மூன்றாம் நாள் காலையிலிருந்து குழந்தை அழுதது. டெர்வல் ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்துக் கொடுத்துப் பார்த்தாள். அது துப்பிவிட்டது. லோர்கன் தனக்குத் தெரிந்த சட்டங்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். எல்லாம் அவன் பக்கம்தான் இருந்தன. ஒரு வரிகூட மறக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அழுகை குறைந்தது. பசி அடங்கிக் குறைந்த அழுகை இல்லை. மாடு வளர்த்தவன் அவன். கன்று எப்போது கத்துவதை நிறுத்தும் என்று அவனுக்குத் தெரியும்.

பயந்துபோனான்.

"டெர்வல், உங்க வீட்டுல ரொட்டி இருக்கா?"

அவள் அவனையே பார்த்தாள். "தின்னா எல்லாம் போச்சுய்யா. பன்னிரண்டு வருஷம்."

"சூடா இருந்தாலும் சரி, பழசா இருந்தாலும் சரி. சீக்கிரம் கொண்டாங்க."

ஓடிப்போய்ச் சுடச்சுட ஓட்ஸ் ரொட்டி ஒன்றும் ஒரு பானைக் கஞ்சியும் கொண்டுவந்தாள். தெருவில் நாலு பேர் பார்க்க, லோர்கன் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு மென்று விழுங்கினான். பிறகு கஞ்சிப் பானையைத் தானே உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தான். போக இடம் இல்லாதவன் போல இருந்தது அவன் உட்கார்ந்த விதம்.

வெகுநேரம் கழித்து ஈத்னே குழந்தையோடு வெளியே வந்தாள். அது குடித்துவிட்டு அவள் மார்பிலேயே தூங்கியிருந்தது.

"நிஜமாவே உங்ககிட்ட இல்லையா?" என்று கேட்டான்.

"அதைத்தானே சொல்லிக்கிட்டே இருக்கேன்."

"அப்போ சபையில நீங்க எப்படி முந்நூற்றைம்பது சொன்னீங்க?"

"முந்நூற்று நாற்பத்தொன்பது சொல்லி முடிச்சேன். அப்புறம் அவங்களே ஒண்ணு கேட்டாங்க. இதுக்காக எதை விட்டேன்னு. அந்தப் பதில்தான் கடைசிக் கதை."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா சபையில என்ன சொல்லியிருப்பீங்க?"

"நூத்துப்பத்து மாடு."

"மாட்டை எல்லாருந்தான் விட்டுட்டு வர்றாங்க."

லோர்கன் கையில் பாதி ரொட்டி மிச்சமிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆறிப்போச்சு, பரவாயில்லை, சாப்பிடுங்க. அடுத்த வாரம் சபையில சொல்லணும்ல" என்றாள் ஈத்னே.