இன்பநாதம் குழு ஆம்ப் தேர்ந்தெடுத்த கதை

எங்கள் செம்பருத்திவிளையில் மொத்தம் நான்கு முட்டாள்கள்தான் உண்டு. நான்கு பேரும் ஒரே மெல்லிசைக் குழுவில் சேர்ந்துவிட்டதால் ஊரில் மற்ற வேலைகள் ஒழுங்காக நடக்கின்றன. குழுவின் பெயர் இன்பநாதம். எப்ரோன் கிடார், சில்வேஸ்டர் டிரம்ஸ், தாவீதுராஜ் கீபோர்டு, பொன்சீலன் பாட்டு. அவர்கள் ஒத்திகை பார்க்கும் கொட்டகைக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். நான் இட்லி மாவு அரைத்து விற்கிறவன். எனக்கு அவர்கள்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. என் கிரைண்டர் ஓடும்போது அவர்கள் சத்தம் கேட்காது.

எப்ரோனுக்கு உப்பளத்து ஞானதுரை அண்ணாச்சியின் மகள் ஜெனிபாவைக் கட்டிக்கொள்ள ஆசை. அவளுக்கும் சம்மதம்தான். ஏன் என்று நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், விளங்கவில்லை. தடையாக இருந்தது போன வருடத்து அசனப் பண்டிகை, அதாவது எங்கள் சர்ச்சில் வருடாவருடம் நடக்கும் விருந்து. சபையே பந்தி பந்தியாக உட்கார்ந்து ஆட்டுக்கறிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கிடார் சத்தத்தைப் பெரிதாக்கும் எப்ரோனின் பழைய ஆம்ப் பெட்டி திடீரென்று வீல் என்று அலறியது. அண்ணாச்சி வாயிலிருந்த எலும்பு தொண்டைக்குள் போய்விட்டது. இரண்டு பேர் முதுகில் குத்தித்தான் வெளியே எடுத்தார்கள்.

"இந்த வருசமும் அசனத்துல ஒன் கச்சேரிதான?" என்று அண்ணாச்சி அவனைக் கூப்பிட்டுச் சொன்னார். "முன் வரிசையில வந்து உக்காருவேன். காதுக்கு எதமா இருந்தா பொண்ணு தாரேன். தல வலிச்சிதுன்னா மதுரையில மாப்ள தயாரா இருக்கான், பாத்துக்க."

எப்ரோன் கலங்கிப்போனான். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கோயம்புத்தூர் வேலாயுதத்துக்குப் போன் போட்டான். இந்த வேலாயுதம் கிடார் ஆம்ப்களைக் கையாலேயே செய்கிறவர். பழைய ரேடியோக்களில் கண்ணாடி பல்பு மாதிரி வால்வுகள் இருக்குமே, அந்த வால்வுகளைப் போட்டு வருடத்துக்குப் பத்துப் பெட்டிதான் செய்வார். அவர் இரண்டு பெட்டிகளை லாரியில் அனுப்பிவைத்தார். ஒன்று பதினைந்து வாட், வெள்ளை நிறம், பெயர் முல்லை. மற்றது நாற்பது வாட், கறுப்பு, பெயர் முரசு. எது கச்சேரிக்குச் சரிப்படுகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பவேண்டும். எப்படிப் பார்த்து எடுப்பது என்று தன் கைப்பட ஒரு தாளும் எழுதி வைத்திருந்தார். நல்ல மனிதர். யாருக்கு எழுதுகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

பொன்சீலன் பத்தாவது பாஸ் என்பதால் தாளைப் படிக்கும் பொறுப்பு அவனிடம் வந்தது. "வால்வுகள் நன்றாகச் சூடேறிய பிறகே வாசிக்கவும்" என்று முதல் வரி. நான்கு பேரும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைத்தார்கள். சுவிட்சு போடவேண்டும் என்று தாளில் இல்லை. கடற்காற்று வந்தபடி இருந்தது.

"காத்துல ஆறிப்போவும்லே," என்றான் தாவீதுராஜ்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப எங்கம்மா கம்பிளி போத்துனா. நல்லா சூடு ஏறிச்சு," என்றான் சில்வேஸ்டர்.

பெட்டிக்கொரு கம்பளி போர்த்தினார்கள். சில்வேஸ்டர் மணிக்கொரு தரம் வந்து கம்பளிக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

அடுத்த வரி: "கச்சேரிக்குத் தினமும் சுமக்கப்போவது நீங்கள்தான். தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் பார்த்து முடிவு செய்யவும்." நான்கு பேர் வீட்டிலும் மாடி கிடையாது. ஊரில் உயரமான படிக்கட்டு பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்குத்தான், எண்பத்திரண்டு படி. எப்ரோன் முல்லையைத் தோளில் வைத்து முதலில் ஏறினான். பின்னால் மூன்று பேர் முரசை மூச்சுவாங்கச் சுமந்துகொண்டு ஏறினார்கள். உச்சியில் போய் உட்கார்ந்து தாளை மறுபடி படித்தார்கள்.

"ஏறணும்னுதான் போட்டுருக்கு. எறங்கணும்னு ஒரு வார்த்த இல்லியே," என்றான் பொன்சீலன்.

"அப்ப கச்சேரி இங்கனதானா?" என்று எப்ரோன் பயந்துபோனான். "அண்ணாச்சிக்கு முட்டு வலிலே. எண்பத்திரண்டு படி எப்படி ஏறுவாரு?"

அங்கிருந்தே கோயம்புத்தூருக்குப் போன் போட்டார்கள். "இறங்கித் தொலைங்கப்பா!" என்று வேலாயுதம் கத்தியது கீழே நின்ற எனக்கே கேட்டது. அதையும் பொன்சீலன் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டான்.

மூன்றாவது வரிதான் பெரிய சோதனை. "பெயரையும் நிறத்தையும் பார்த்து மயங்காமல், கண்ணை மூடிக்கொண்டு, காதால் மட்டுமே கேட்டுத் தேர்ந்தெடுக்கவும்." வியாழக்கிழமை காலை கொட்டகையில் நான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். வயரைச் செருகும் வேலை சில்வேஸ்டருக்கு. அவனுக்கும் ஓட்டு இருந்ததால் அவனும் கண்ணை மூடிக்கொண்டுதான் செருகினான். தடவித் தடவி, அகப்பட்ட துவாரத்தில் வயரை அழுத்தினான். அது ஜன்னல் தாழ்ப்பாளின் துவாரம். வாசிக்கவேண்டிய எப்ரோனோ கிடாரில் கையே வைக்கவில்லை. வாசித்தால் கவனம் விரலுக்குப் போய்விடும், கேட்க முடியாது என்பது அவன் கட்சி.

அந்த நேரத்தில்தான் நான் சுவருக்கு இந்தப்பக்கம் கிரைண்டரில் உளுந்து போட்டேன்.

"ஆகா!" என்றான் தாவீதுராஜ். "என்ன ஒரு வழவழப்பு! அடியில ஒரு கனம் இருக்கு பாரு."

"வால்வுன்னா வால்வுதான்லே. சும்மா பஞ்சு மாதிரில்லா வருது," என்றான் சில்வேஸ்டர்.

உளுந்தை வழித்துவிட்டு அரிசி போட்டேன்.

"இது ரெண்டாவது பெட்டி," என்று பொன்சீலன் கையைத் தூக்கினான். "இதுல கொஞ்சம் கரகரப்பு தெரியுது. ஆனா சோகப் பாட்டுக்கு இதான் எடுக்கும்."

"எனக்கும் இதான் நெஞ்சத் தொடுது," என்றான் எப்ரோன். அவன் கண்ணோரம் நனைந்திருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருபது வருடமாக மாவு அரைக்கிறேன், என் அரிசிக்கு யாரும் கண்ணீர் விட்டதில்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

உளுந்துக்கு இரண்டு ஓட்டு, அரிசிக்கு இரண்டு ஓட்டு. முடிவு கிடைக்காமலே சனிக்கிழமை வந்துவிட்டது.

அசனப் பண்டிகை. கோயில் முற்றத்தில் மேடை. மேடை நடுவே கம்பளி போர்த்திய இரண்டு பெட்டிகள். முன் வரிசையில் ஞானதுரை அண்ணாச்சி, கையில் தைல பாட்டிலோடு. பெண்கள் பக்கத்தில் ஜெனிபா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சபைப் போதகரான ஐயர் ஜெபம் செய்து கச்சேரியைத் தொடங்கிவைத்தார். பொன்சீலன் தாளை விரித்துக் கடைசி வரியைப் படித்தான். "மேடையில் நின்று கேட்டால் ஏமாந்துபோவீர்கள். ஜனங்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் உண்மை தெரியும்."

"எல்லாருமா?" என்று கேட்டான் சில்வேஸ்டர்.

"ஆள் கணக்கு போடல. எல்லாரும்தான்."

நான்கு பேரும் மேடையிலிருந்து இறங்கி வந்து, அண்ணாச்சிக்குப் பின்னால் நான்கு நாற்காலியில் உட்கார்ந்து, மூன்றாவது வரியை மறக்காமல் கண்ணையும் மூடிக்கொண்டார்கள்.

கூட்டம் அவர்களைப் பார்த்தது. குழுவே கண்ணை மூடியிருக்கிறது, மேடையில் ஆளில்லை. மௌன ஜெபம் போலிருக்கிறது என்று ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். கறி வெந்துகொண்டிருந்த பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. கைக்குழந்தைகள் தூங்கின. ஐயரே கண்ணை மூடிவிட்டார். தாம் சொல்லாத ஜெபம் எப்போது முடியும் என்று அவருக்கும் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து யாரோ ஒரு பெரியவர் பசி தாங்காமல் "ஆமென்" என்றார்.

ஞானதுரை அண்ணாச்சி எழுந்து திரும்பினார். தைல பாட்டிலைத் திறக்கவே இல்லை. எப்ரோனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பத்து வருசமா ஒங்க கச்சேரி கேக்குதேன். இன்னைக்குத்தாம்ல மனசு நெறஞ்சிது. பொண்ண எடுத்துக்க. கல்யாணத்துக்கும் இதையேதான் வாசிக்கணும், ஒரு சுரம் கூட்டவோ கொறைக்கவோ கூடாது."

எப்ரோன் அங்கேயே அழுதுவிட்டான். ஜெனிபா சிரித்தாள். எனக்கும் மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது.

பந்தியில் உட்கார்ந்ததும் ஆலோசனை தொடங்கியது.

"இப்பமாவது சொல்லுங்கல, எந்தப் பெட்டி நல்லா இருந்துச்சு?" என்றான் எப்ரோன்.

"முல்லையோட அமைதியில ஒரு மென்மை இருந்துச்சு," என்றான் தாவீதுராஜ். "ஆனா அது முன் வரிசையோட நின்னுபோச்சு."

"முரசு அப்பிடியில்ல," என்றான் சில்வேஸ்டர். "நாப்பது வாட்டுல்லா! அதோட அமைதி கடைசி வரிசை தாண்டி ரோடு வரைக்கும் போச்சு. பஸ் ஸ்டாண்டுல நின்னவனும் கும்பிட்டுட்டான்."

நான்கு ஓட்டும் முரசுக்கே விழுந்தது. திங்கட்கிழமை முல்லையைத் திருப்பி அனுப்பினார்கள். துணைக்கு முரசையும் அனுப்பினார்கள். கூடவே பொன்சீலன் எழுதிய கடிதம்:

"ஐயா, முரசையே எடுத்துக்கொள்கிறோம். அருமையான பெட்டி. ஒரே ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. கிடார் வயர் செருகும் துவாரத்தை மட்டும் நன்றாக அடைத்து அனுப்பவும். தெரியாத்தனமாக யாராவது வாசித்துத் தொலைத்தால் கல்யாணம் நின்றுவிடும்."